கெட்டவளாக விளையாடிய மாடி வீட்டு அக்கா

“கெட்டவளா வெளையாடுனா நான் கெட்ட புள்ளையாம்மா?”

போன வாரம் என் மகள் இப்படிக் கேட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். “முதல்ல வீட்டுப்பாடத்த முடி” என்று சொல்லி அந்த நேரத்துக்குத் தப்பித்துக்கொண்டேன். பதில் தெரியாததால்தான் தப்பித்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். குழந்தைகளுக்கு அதெல்லாம் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அவள் அப்பாவின் லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு நாடு, அதில் நிறைய ஊர்கள். ஆரம்பத்திலேயே நாம் யார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரைக் காக்கிறவளாக இருக்கலாம், கொள்ளைக்காரியாகவும் இருக்கலாம். என் மகள் கொள்ளைக்காரி ஆனாள். நான் சாம்பாரைத் தாளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது ஒரு ஊரின் நெல் களஞ்சியம் எரிந்துகொண்டிருந்தது. இவள் கன்னத்தில் கைவைத்து அதை ரசித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் எவளுடைய பென்சிலையாவது எடுத்திருப்பாளோ என்று பையைக் கொட்டிப் பார்த்தேன். எடுக்கவில்லை. இணையத்தில் தேடினேன். இப்படி விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள், கெட்டுப்போகாது என்று மீதிப்பேர் எழுதியிருந்தார்கள். கணவரிடம் சொன்னேன். “கொழந்ததான, விடு. ரொம்பப் பயமா இருந்தா அந்த கேமை அழிச்சிரு. நீயே முடிவு பண்ணு” என்றார். எந்த வீட்டிலும் கடைசியில் முடிவு அம்மாவின் தலையில்தான் வந்து விழுகிறது.

அழிக்கலாம் என்று லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அறந்தாங்கியில் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த அக்கா நினைவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்.

அப்போது நான் பி.எஸ்ஸி. மூன்றாம் வருடம். காலை ஷிப்டு என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவுக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. கணவர் சவூதியில் வேலை பார்த்தார். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக டவுனில் வீடு எடுத்திருந்தார்கள். ஒருநாள் படிக்கட்டில் நின்று, “புள்ள, ஒனக்கு இங்கிலீசு வாசிக்க வருமா?” என்று கேட்டார். ஏதோ பேங்க் விஷயம் என்று நினைத்து மேலே போனேன். டிவியில் தலைப்பாகை கட்டிய ஒருவன் கோபமாக நின்றுகொண்டிருந்தான். கீழே நாலு வரி ஆங்கிலம்.

டிவியோடு இணைத்திருந்த அந்த வீடியோ கேம் மெஷினை அவர் கணவர் விடுமுறையில் வரும்போது தன் தம்பிக்காக வாங்கி வந்திருந்தார். தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். “சும்மா கெடந்தா ஈரம் கோத்து வீணாப் போகும்னு போட்டுப் பாத்தேன்” என்றார் அக்கா. போட்டுப் பார்த்தவர் அப்புறம் நிறுத்தவில்லை. எழுத்துகளை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. எதை அமுக்குவது என்று முடிவெடுப்பது அவர் வேலை.

அக்கா ஒரே விளையாட்டை இரண்டு ஆளாக விளையாடினார். ஒன்று ஊர் ஊராகப் போய் உதவி செய்யும் நல்லவன். அவனுக்கு ‘தம்பி’ என்று பெயர் வைத்திருந்தார். இன்னொன்று ஏமாற்றி, பிடுங்கி, வாக்குக் கொடுத்துவிட்டு மறக்கிற ஒருத்தி. அவளுக்குப் பெயரே கிடையாது, ‘அவ’ மட்டும்தான். “இன்னைக்குத் தம்பி வேணாம். அவள எறக்குவோம்” என்பார். அன்றைக்கு எந்த ஊருக்கோ கேடுகாலம்.

எனக்கு அவளுக்காக மொழிபெயர்ப்பது கூச்சமாக இருக்கும். ஒரு விவசாயியின் மாட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு அவனிடம் சொல்ல வேண்டிய வரி ஒன்று வந்தது. “‘மாட்ட நான்தான் எடுத்தேன், வருத்தப்படாதீங்க’ன்னு சொல்லுதுக்கா” என்றேன்.

அக்கா ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கைப்பிடியை அவர் கடைசிவரை ரிமோட்டு என்றுதான் சொன்னார்.

“மாட்டக் களவாண்டவ வருத்தப்படாதீங்கம்பாளா? நீ தண்ணி ஊத்திச் சொல்ற. உள்ளத உள்ளபடி சொல்லு.”

“‘எடுத்தது நான்தான். ஒன்னால என்ன பண்ண முடியும்?’னு இருக்கு.”

“ம். அதான அவ பேச்சு.” அமுக்கிவிட்டு அந்த விவசாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். நானாக இருந்தால் அந்த இடத்தில் சட்டென்று நகர்ந்திருப்பேன்.

சில நாள் அவர் கணவர் அந்த நேரம் பார்த்து போன் பண்ணுவார். என்ன செய்கிறாய் என்று கேட்டிருப்பார் போல. “ஒரு ஊரக் கொளுத்திட்டு இப்பதான் ஒக்காந்தேன். சோறு வடிக்கணும். நீங்க சாப்டீங்களா?” என்பார் அக்கா, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

செய்ததை அவர் அழித்துத் திருப்பி விளையாடியதே இல்லை. அந்த விளையாட்டில் தப்புச் செய்துவிட்டால், பழைய இடத்துக்குப் போய் அது நடக்காத மாதிரி மறுபடி ஆரம்பிக்கலாம். ஒருநாள் தம்பியை என் கையில் கொடுத்தார். பழக்கமில்லாததால் நான் ஒரு கடைக்காரரின் மேல் வாளை வீசிவிட்டேன். அவர் விழுந்துவிட்டார். பதறிப்போய்ப் பழைய இடத்துக்குப் போவதற்கான பொத்தானைத் தேடினேன். அக்கா மெதுவாக ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. திரும்ப மொதல்லருந்து போவோம்.”

“தெரியாமத்தான் பண்ணுன. ஆனா பண்ணுனது பண்ணுனதுதான?” என்றார். அதற்கப்புறம் அந்த ஊரில் தம்பிக்கு யாரும் பொருள் விற்கவில்லை. பல நாள் தம்பி பக்கத்து ஊருக்கு நடந்துபோய் வாங்கிவந்தான். அக்கா ஒரு தடவை கூட முணுமுணுக்கவில்லை.

கெட்டவளுக்கும் அதே சட்டம்தான். அவள் போகிற ஊரில் கதவுகளைச் சாத்துவார்கள், சத்திரத்தில் இடம் தரமாட்டார்கள். வேறு வழியாகச் சுற்றிப் போக வசதி இருந்தது. அக்கா அவளை ஊரின் நடுத்தெருவிலேயே நடக்க வைப்பார். “திட்டு வாங்காமக் கெட்டவளா இருக்குறதுல என்ன இருக்கு? அது களவாணித்தனம்” என்பார். கெட்டவளும் களவாணியும் அவர் கணக்கில் வேறு வேறு ஆட்கள்.

நல்லவனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. யாருக்காவது உதவி செய்தால் திரையின் மேல் மூலையில் புண்ணியப் புள்ளி மாதிரி ஒரு எண் ஏறும். அக்கா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். எண் பெரிதாகப் பெரிதாகப் பொட்டும் பெரிதானது. கடைசியில் கல்யாண வீட்டுக்கு வைக்கிற அளவுக்குப் பெரிய பொட்டு ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்தது. டிவியில் சீரியல் ஓடும்போதும் அது இருக்கும். மாமியார்க்காரியின் தலைக்கு மேல் ஒரு சிவப்பு நிலா.

நிஜத்திலும் அக்கா அப்படித்தான் இருந்தார். கட்டுமாவடியிலிருந்து அவர் அண்ணன் ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்தால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். சீனியாவது நாலு கரண்டி போட்டுத் தருவோம். என் அம்மா அதில் ரொம்பக் கறார். மீன் வந்த பாத்திரத்தில் முறுக்கு வைத்து அனுப்பினார். அக்கா முறுக்கைத் தட்டில் கொட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “வெறும் பாத்திரமாக் குடுக்கச் சொல்லு. இல்லாட்டி அது யாவாரமாயிரும்.” அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்ன பழக்கம் இது? நாம வச்சுக் குடுத்தா வாங்குனா கொறஞ்சா போயிருவா?” என்றார். அதற்கப்புறமும் ஏதாவது வைத்துத்தான் அனுப்புவார், அதுவும் திரும்பி வரும். அந்த முறுக்கையெல்லாம் பெரும்பாலும் படிக்கட்டில் உட்கார்ந்து நானே தின்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகள் பள்ளிக்கூட வேனில் வந்து இறங்கும் நேரத்துக்கு முன்னால் அக்கா மெஷினை நிறுத்தித் துணியால் மூடிவிடுவார். பிள்ளை பார்க்கக்கூடாது என்று நினைத்தாரா, பிள்ளை வந்தால் கார்ட்டூன் கேட்கும் என்பதாலா? அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு என் வீட்டில் அதுதான் கேள்வி.

அந்த வருடம் எனக்கு ஒரு வரன் வந்தது. திருமயம் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. ஜாதகம் பொருந்தியது. அப்பா வழக்கம்போல் முடிவை அம்மாவிடம் விட்டுவிட்டார். அம்மா கோயிலுக்கு நடையாய் நடந்தார். எனக்கு எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அம்மாவின் சந்தோஷத்தைப் பார்த்தபிறகு அதை எப்படிச் சொல்வது? மாடியில் அக்காவிடம், “அம்மாவுக்குப் புடிச்சிருக்குக்கா” என்றேன்.

“ஒனக்கு?”

நான் திரையில் இருந்த அடுத்த வரியை வாசித்தேன். அக்கா மறுபடி கேட்கவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். பெண் வீட்டுக்கு அந்த ஆள் வராது. கடைக்காரர், தண்ணீர்க் குழாயடி, அக்கம்பக்கத்து வீடு என்று கேட்டுவிட்டுப் போய்விடும். யார் என்ன சொன்னார்கள் என்பது பெண் வீட்டுக்கு ஒருநாளும் தெரியவராது. வரன் தட்டிப்போனால் தெருவில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டுக்கொண்டு, எல்லாரிடமும் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்கள் தெருவுக்கு வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. மாடி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாளில் ‘சரிப்பட்டு வரலை’ என்று தகவல் வந்தது. அம்மா கூடத்தில் அவரைக்காயைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு வீடாக மனதில் போய்வந்துகொண்டிருந்தார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அன்று சாயங்காலம் அக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“அம்மா, அந்த அத்தைகிட்டச் சொன்னது நான்தான்.”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. “என்னம்மா சொன்ன?”

“புள்ள ஒரு வேல செய்யாது. ஒக்காந்த எடத்துல காப்பி வேணும். பெத்த தாயையே எடுத்தெறிஞ்சு பேசும். வந்த ஆறு மாசத்துல ஒங்க புள்ளயக் கூட்டிக்கிட்டுத் தனிக்குடுத்தனம் போயிரும். இம்புட்டும் சொன்னேன்.”

ஒரு வார்த்தையையும் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் காலையில் காப்பி போட்டுக் கொடுப்பதே நான்தான். அது அக்காவுக்கும் தெரியும்.

“நாங்க ஒனக்கு என்னம்மா கெடுதல் பண்ணுனோம்?” அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

“ஒண்ணும் பண்ணலம்மா.”

“அப்பறம் எதுக்கு எங்க புள்ள குடியக் கெடுத்த?”

“புள்ளைக்கு இப்ப வேணாம்மா. அதுக்குச் சொல்லத் தெரியல.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “ஒனக்கு வேணாமா?”

அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. “படிக்கணும்மா” என்றேன். எனக்கே கேட்காத மாதிரிதான் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு தெருவில் அக்காவுக்கு ‘குடிகெடுத்தவள்’ என்று பெயர் ஆனது. குழாயடியில் அவர் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். “டிவிப் பொட்டியில கொள்ளையடிச்சுப் பழகுனவ, இங்கிட்டும் அதத்தான் செய்வா” என்று அவர் காதுபடச் சொன்னார்கள். அக்கா குழாய்க்குச் சுற்றிப் போகவில்லை. அதே நேரத்துக்கு, அதே வழியாக வந்தார். அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் “சாப்டீங்களாம்மா?” என்பார். அம்மா பதில் சொல்லமாட்டார். அக்காவும் கேட்பதை நிறுத்தவில்லை.

மாடிக்குப் போகக்கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். மீன் வந்த பாத்திரம் ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. பல வாரம் கழித்து அம்மா அதைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். உள்ளே பார்த்தேன், ஒன்றும் இல்லை. அம்மா ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பி நான் பார்த்தது அன்று மட்டும்தான். கோபத்தில் அனுப்பினாரா, அக்கா கேட்டதைக் கடைசியில் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அக்கா அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்குத்தான் கேட்டேன். “ஏன்க்கா? நேரா அம்மாகிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?”

“சின்னப்புள்ள பேச்சுன்னுட்டு அடுத்த நாளே நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருப்பாங்க.” பாத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அதுக்காக நான் ஒனக்கு நல்லது பண்ணிட்டேன்னு யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. அந்தப் பையன எனக்குத் தெரியாது. ஒங்கம்மா அழுதாங்க. அது கெட்டதுதான். கெட்டதுன்னு தெரிஞ்சுதான் பண்ணேன்.”

நான் அவரை நல்லவர் என்று சொல்ல வாயெடுத்திருந்தேன். சொல்லாமல் கீழே வந்துவிட்டேன். அடுத்த கோடையில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு சவூதிக்கே போனார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

நான் எம்.எஸ்ஸி. படித்தேன், பி.எட். படித்தேன். நடுவில் நல்ல வரன் ஒன்றும் வரவில்லை. ‘உட்கார்ந்த இடத்தில் காப்பி கேட்கிற பெண்’ என்ற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. அம்மாவுக்கு அந்தக் காலத்தில்தான் ரத்த அழுத்தம் வந்தது. என் கணவர் வீட்டாரும் அதைக் கேள்விப்பட்டார்கள். “எனக்குக் காப்பி போடத் தெரியும்” என்று சொல்லிவிட்டுத்தான் இவர் பெண் பார்க்கவே வந்தார். இன்றைக்கும் நான் உட்கார்ந்தால், “காப்பி வேணுமா?” என்று கிண்டல் செய்வார்.

அந்தத் திருமயம் மாப்பிள்ளையை இரண்டு வருடத்துக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பார்த்தேன். அம்மாதான் அடையாளம் காட்டினார். மனைவி சேலை பார்த்துக்கொண்டிருக்க, அவர் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் தானாகச் சொன்னார்: “தெருவுல எல்லாரும் முதுகுக்குப் பின்னாடிதான் சொல்லுவாளுக. மூஞ்சிக்கு நேரா வந்து, நான்தான்னு சொன்னவ அவ ஒருத்திதான்.” மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். “அது வேற” என்றார்.

இவ்வளவு நேர்மையான மனுஷியை நான் இன்னும் பார்க்கவில்லை. இதை எழுதியதும் உடனே பயமும் வருகிறது. ஒரு பொய்யைச் சொல்லி என் வரனைக் கலைத்தவரை நேர்மையானவர் என்று எழுதுகிறேனே, என் மகள் நாளைக்கு இதை வாசித்தால் என்ன நினைப்பாள்?

மகளின் விளையாட்டு இப்போது ஒரு இடத்தில் நிற்கிறது. களஞ்சியம் எரிந்ததற்காக அந்த ஊரார் ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். கொள்ளைக்காரி கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கிறாள். கீழே இரண்டு வரி வருகிறது. ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லலாம், பேசாமல் போய்விடலாம்.

“நான்தான்னு சொன்னா ஜெயில்ல போட்டுருவாங்கம்மா. எடுத்து வச்சதெல்லாம் போயிரும். பேசாமப் போயிட்டா அந்த ஆட்டுக்கார அக்கா பாவம்ல. எதம்மா அமுக்க?”

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். அவளும் அமுக்கவில்லை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, அந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறாள்.

விளையாட்டை அழித்துவிட்டால் எனக்குப் பயம் போகும். ஆனால் அவள் எதை அமுக்கியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். ‘நான்தான் என்று சொல்’ என்று நான் சொல்லிக்கொடுத்தால், சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் எரிக்கலாம் என்று எடுத்துக்கொள்வாளோ? ஒன்றும் சொல்லாமல் விட்டு, அவள் பேசாமல் போகிற வரியை அமுக்கிவிட்டால், அதைப் பார்த்த பிறகு நான் எந்த முகத்தோடு அவளுக்குச் சோறு போடுவேன்?

பிள்ளை பெற்றவர்கள், பிள்ளைகளோடு விளையாடுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். ‘குழந்தைதானே, விடுங்கள்’ என்று மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே கேட்டுவிட்டேன். எதை அமுக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அவள் விரலை வைக்கிற அந்த நேரத்தில் நீங்களாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களா, எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பீர்களா? அதையாவது சொல்லுங்கள்.